தோட்டத்து வீட்டுச் சொந்தங்கள்: ஞாயிறு காலைப் பேச்சு

தங்கவேல் பெரியப்பா: (பலமுறை பகிரப்பட்டது)
⚠️ பிராய்லர் கோழிக்கு ஹார்மோன் ஊசி போட்டு 40 நாளில் வளர்க்கிறார்கள்! பிள்ளைகளைக் காப்பாற்றுங்கள்! அனைவருக்கும் பகிரவும்! ⚠️

செல்வராசு மாமா: காலங்காத்தால எங்க பொழப்புல கை வெக்கறீங்களே மாமா. என்ற செட்டுல அஞ்சாயிரம் கோழி கெடக்குது. ஒவ்வொன்னா புடிச்சு ஊசி போட ஆளு எங்க இருக்குதுங்க? கோழி ரகம் அப்படி, தீனி அப்படி. ஊசியுமில்ல ஒன்னுமில்ல

கார்த்தி: 😂😂

பிரபா: மாமா சொல்றது சரி பெரியப்பா, ஹார்மோன் கதை பொய். ஆனா மாமா, தீனிலயும் தண்ணிலயும் கலக்கற ஆன்டிபயாடிக்?

செல்வராசு மாமா: குஞ்சு, தீனி, மருந்து எல்லாம் கம்பெனிக்காரன் எறக்கறது அம்மிணி. நமக்கு வளர்ப்புக் கூலிதான். சூப்பர்வைசர் தண்ணில கலக்குன்னா கலக்கறேன்

சுமதி: இன்னிக்குக் கறி எடுக்கலாமா வேண்டாமா, அத மொதல்ல சொல்லுங்க. அவரு பையத் தூக்கிட்டு நிக்கறாரு

பிரபா: எடும்மா. நல்லா வெந்தா கிருமி செத்துரும். கறி வெட்டுன பலகைல வெங்காயம் மட்டும் அரியாத. கைய சோப்புப் போட்டுக் கழுவு

செல்வராசு மாமா: விக்கறதுக்கு முன்னாடியே மருந்த நிறுத்திர்றோம். கறில மருந்து இருக்காது. அப்பறம் என்ன பயம்?

பிரபா: அங்கதான் மாமா ரெண்டு விசயம் ஒன்னாக் கலந்துருது. நிறுத்துனா கறில இருந்து மருந்து போயிரும். மருந்துக்குச் சாகாத கிருமி கோழி குடல்ல அப்படியே இருக்கும். கொஞ்சங் கொஞ்சமா மருந்து குடுத்துட்டே இருந்தா சாகறது சாகும், தாங்கறது பெருகும். எச்சத்துல வந்து, எருவோட காட்டுக்குப் போகும்

பிரபா: அந்தத் தாங்கற மரபணு பலதும் பிளாஸ்மிட்ங்கற குட்டி வளையத்துல இருக்கும். ஒரு கிருமி அத நகலெடுத்துப் பக்கத்துக் கிருமிக்குக் குடுத்துரும். வேற சாதிக் கிருமியா இருந்தாலும் குடுக்கும்

தங்கவேல் பெரியப்பா: இதெல்லாம் ஆராய்ச்சிக் கூடத்துல நடக்கறதும்மா

பிரபா: இல்லீங்க பெரியப்பா. கொலிஸ்டின்னு ஒரு மருந்து. கிட்னியக் கெடுக்கும்னு டாக்டருங்க ரொம்ப நாள் ஒதுக்கி வெச்சிருந்தாங்க. பன்னிக்கும் கோழிக்கும் தாராளமாப் போச்சு. அப்பறம் ஐசியூல வேற எதுவும் கேக்காதவங்களுக்குக் கடைசி மருந்தா அதையே திரும்ப எடுக்க வேண்டியதாச்சு. 2015ல பாத்தா சீனாவுல பன்னி, பச்சைக் கறி, ஆஸ்பத்திரி நோயாளி மூணுலயும் எம்சிஆர்-1ங்கற ஒரே மரபணு. அது இருக்கற கிருமி கொலிஸ்டினுக்கு அசையாது. அதுவும் பிளாஸ்மிட்லயே

செல்வராசு மாமா: கொலிஸ்டின் தெரியுமே. முன்னெல்லாம் வரும். இப்பத் தடைங்கறாங்க

பிரபா: ஆமா மாமா, 2019 ஜூலைல மத்திய அரசு தடை போட்டுச்சு. கோழி, மீன் பண்ணை, தீவனம் எல்லாத்துக்கும்

கார்த்தி: பண்ணையவே சொல்லிட்டிருந்தா எப்படி? அம்மா தும்மினாலே மெடிக்கல்ல அசித்ரோமைசின்னு ஆன்டிபயாடிக் வாங்கறாங்க

சுமதி: என்னைய எதுக்குடா இழுக்கற. ஒன்னு போட்டாலே சரியாயிருது, மிச்சம் ரெண்டு டப்பால பத்திரமா இருக்குது

பிரபா: அம்மாாாா 🤦‍♀️

பிரபா: கார்த்தி கேட்டது நியாயம். வீட்டுக் கழிவு, ஆஸ்பத்திரிக் கழிவு எல்லாம் சாக்கடைலதான் சந்திக்குது. 2011ல டெல்லில ஒரு ஆய்வு வந்துச்சு. தெருவுல தேங்குன தண்ணி 171 எடுத்ததுல 51ல என்டிஎம்-1 மரபணு, பெரிய ஆன்டிபயாடிக்கையும் கிருமி தாங்க வெக்கறது. குழாய்த் தண்ணி 50ல 2ல. ஐதராபாத் பக்கம் படான்செருவுல இன்னும் மோசம். மருந்துக் கம்பெனிக் கழிவ சுத்திகரிச்சு வெளிய விட்ட தண்ணில லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரைக்கும் சிப்ரோஃப்ளாக்சசின்ங்கற ஆன்டிபயாடிக் இருந்துச்சுன்னு 2007ல எழுதுனாங்க. மாத்திரை போட்டா நம்ம ரத்தத்துல இருக்கறத விட அதிகம்

தங்கவேல் பெரியப்பா: 😳

செல்வராசு மாமா: சரி, என்ற எருவ என்ன பண்ணச் சொல்ற? தக்காளி போடறவங்க டிராக்டரோட நிக்கறாங்க

பிரபா: பச்சையாக் குடுக்காதீங்க மாமா. குவிச்சு, ஈரம் பாத்து மக்க வெக்கோணும். உள்ள 55 டிகிரிக்கு மேல சில நாள் சூடு நிக்கோணும், நடுவுல கிளறி விடோணும். கிருமி நல்லாக் குறையும். மரபணு மொத்தமா அழிஞ்சிரும்னு சொல்லமாட்டேன்

செல்வராசு மாமா: மக்குனா அளவு கொறையும் அம்மிணி. லோடு கணக்குலதான் காசு. அந்த நட்டத்த யாரு குடுப்பா? கம்பெனியா, நீயா?

பிரபா: அதுக்கு எங்கிட்டப் பதில் இல்ல மாமா. கம்பெனிதான் குடுக்கோணும்

செல்வராசு மாமா: அவன் குடுத்துட்டாலும்

கார்த்தி: மருந்தே இல்லாம வளர்க்க முடியாதா?

பிரபா: நோய் வந்தா டாக்டர் பாத்துக் குடுக்கட்டும், அது வேற. எடை ஏறட்டும்னு தீனில கலக்கறத சுவீடன் 1986லயே நிறுத்திருச்சு, ஐரோப்பா முழுக்க 2006ல. அங்க இன்னும் கோழி வளர்த்துட்டுத்தான் இருக்காங்க

செல்வராசு மாமா: அவிங்க ஊருல சித்திரை வெயில் இல்ல. இங்க ஒரு மத்தியானத்துல நூறு கோழி விழுகும். செட்டுல நெருக்கம் கொறைச்சாப் பாதி நோய் வராது, எனக்கே தெரியும். எத்தன குஞ்சு எறக்கறதுன்னு முடிவு பண்றது நானில்லயே

சுமதி: தம்பி, கறி வந்துருச்சு. மதியம் சாப்புட வந்துரு

செல்வராசு மாமா: வர்றேன்க்கா. அம்மிணி, செவ்வாக்கெழம தீனி வண்டி வருது. மூட்டை லேபிள போட்டோ எடுத்துப் போடறேன். மருந்துப் பேரு ஒன்னும் எழுதலீன்னா சூப்பர்வைசர் நம்பர் தர்றேன், நீயே கேட்டுக்க

பிரபா: கேக்கறேன் மாமா. தண்ணில கலக்கற பாட்டிலையும் ஒரு போட்டோ எடுங்க