சிற்றூரில் கஞ்சாக் கடை உரிமம்: ஒன்ராறியோவில் பங்குதாரராகச் சேரும் முன்

கேள்வி:

நிரந்தர வதிவுரிமை பெற்று ஸ்காபரோவுக்கு வந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. வடக்கு ஒன்ராறியோவில், ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் வாழும் ஊரொன்றில் பலசரக்குக் கடை நடத்தும் மாமா ஒருவர், அதே கடையில் கஞ்சா விற்பதற்கும் உரிமம் எடுக்கலாம் என்றும், சுற்றுவட்டாரத்தில் அப்படியொரு கடை இல்லாததால் போட்டியே இராது என்றும் கூறி, என்னைப் பங்குதாரராகச் சேரச் சொல்கிறார். ஊரிலுள்ள அம்மாவுக்கு இதை எப்படிச் சொல்வது என்பது வேறு கவலை. இந்தத் தொழிலில் என் சேமிப்பைப் போடலாமா என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்:

தம்பி, தொழில் சட்டபூர்வமானதுதான். 2018 ஒக்டோபர் 17 முதல் கனடாவில் கஞ்சா விற்பனை சட்டத்துக்கு உட்பட்டது. சில்லறை விற்பனையை எப்படி நடத்துவது என்பதை மட்டும் ஒவ்வொரு மாகாணமும் தனக்கென்று தீர்மானிக்கிறது. உங்கள் மாமாவின் திட்டம் இடறுவதும் அங்கேதான். ஒன்ராறியோவில் பலசரக்குக் கடையின் ஒரு மூலையில் கஞ்சா விற்க முடியாது. கடை தனிச் சுவர்களோடும் தனி வாசலோடும் இருக்க வேண்டும்; கஞ்சாவும் அதனோடு தொடர்புடைய பொருட்களும் தவிர, பாலோ பாணோ அங்கே விற்கக் கூடாது. அவர் கேள்விப்பட்டது பெரும்பாலும் நியூபவுண்ட்லாந்து நடைமுறையாக இருக்கலாம். 1986 ஓகஸ்டில் படகுகளில் தத்தளித்த நம்மவர் 155 பேரை மீனவர்கள் கரை சேர்த்தார்களே, அதே மாகாணம்தான். தனிக் கடை முதல், வேறொரு கடையின் விற்பனை மேசைக்குப் பின்னால் வைத்து விற்பது வரை நான்கு வகையான உரிமங்களை அந்த மாகாணம் வகுத்தது. தனிக் கடையொன்றைத் தாங்க முடியாத சிற்றூர்களுக்கும் சட்டபூர்வமான சரக்குப் போய்ச் சேர்வதற்கு அது பொருத்தமான வழி என்பது என் எண்ணம். ஆனால் உங்கள் ஊர் ஒன்ராறியோவில் இருக்கிறது.

அடுத்து, அந்த ஊரில் ஏன் கடை இல்லை என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் ஒரு டொலரும் கொடுக்க வேண்டாம். தொடக்கத்தில் சட்டமே சிற்றூர்களை ஒதுக்கியது. 2019 சனவரியில் மாகாணம் முழுவதற்கும் 25 கடைகளுக்கு மட்டும் குலுக்கல் நடந்தபோது, ஐம்பதாயிரத்துக்கு மேல் மக்கள் வாழும் நகராட்சிகளில் மட்டுமே கடை திறக்கலாம் என்று விதி இருந்தது. ஏறத்தாழ 17,000 விண்ணப்பங்கள் குவிந்த அந்தக் குலுக்கலில் பரந்த வடக்குப் பகுதிக்குக் கிடைத்தவை இரண்டே இரண்டு. அதே ஆண்டு ஓகஸ்டில் நடந்த இரண்டாவது குலுக்கலில் வடக்குக்கு ஐந்து கிடைத்தன. அவையும் தண்டர் பே, டிம்மின்ஸ் போன்ற நகரங்களுக்கே போயின. ஆனால் 2020 சனவரியோடு குலுக்கல் முறை ஒழிந்து, தகுதியுள்ள எவரும் விண்ணப்பிக்கலாம் என்றாகிவிட்டது. 2021 இலையுதிர்காலத்துக்குள் மாகாணத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் திறந்துவிட்டன. ரொறன்ரோவின் குவீன் வீதியில் ஒன்றையொன்று பார்த்தபடி கடைகள் நிற்க, உங்கள் மாமாவின் ஊரில் இன்றும் ஒன்றுகூட இல்லையென்றால், அதற்கு இன்றைய காரணம் ஒன்று இருக்க வேண்டும்.

அந்தக் காரணம் நகராட்சியாக இருக்கலாம். கடைகள் வேண்டாம் என்று விலகிக்கொள்ள நகராட்சிகளுக்கு 2019 சனவரி 22 வரை அவகாசம் வழங்கப்பட்டது. 414 நகராட்சிகளில் 77 விலகிக்கொண்டன. நம்மவர் செறிந்து வாழும் மார்க்கமும் அவற்றில் ஒன்று. விலகிய நகராட்சி பின்னர் மனம் மாறி அனுமதிக்கலாம், மிசிசாகா 2023இல் அப்படித்தான் அனுமதித்தது. ஆனால் ஒருமுறை அனுமதித்த பின் மறுபடி விலக முடியாது என்பதால் சிறிய நகரசபைகள் தயங்குகின்றன. பூர்வகுடி மக்களின் ஒதுக்கு நிலத்தில் இடம் பார்ப்பதாக இருந்தால் அவர்களுடைய சபையின் இசைவு தனியாக வேண்டும்.

காரணம் வெறும் கணக்காகவும் இருக்கலாம். இரண்டாயிரம் பேரில் 19 வயது நிரம்பியவர்களையும், அவர்களுள் கஞ்சா பயன்படுத்துகிறவர்களையும், அவர்களிலும் உரிமமற்ற பழைய விற்பனையாளரை விட்டு உங்களிடம் வரக்கூடியவர்களையும் மட்டும் படிப்படியாக எண்ணிப் பாருங்கள். அந்த ஊரில் கடை இல்லையே தவிர, சட்டபூர்வமான கஞ்சா கிடைக்காமல் இல்லை; மாகாண அரசின் இணையக் கடை தபாலில் வீட்டுக்கே அனுப்புகிறது. நீங்கள் மொத்தமாக வாங்க வேண்டியதும் அதே அரச நிறுவனத்திடம்தான். உங்கள் மொத்த வியாபாரியே உங்கள் போட்டியாளர் என்பதை மாமா கணக்கில் சேர்த்தாரா?

உரிம நடைமுறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஏ.ஜி.சி.ஓ. எனப்படும் மது, சூதாட்ட ஆணைக்குழுவிடம் நடத்துனர் உரிமம், கடைக்கான அனுமதி, முகாமையாளர் உரிமம் என மூன்று பெற வேண்டும். தொடங்கிய காலத்தில் இவற்றுக்கு முறையே 6,000, 4,000, 750 டொலர் கட்டணம் வைத்திருந்தார்கள். இன்றைய தொகையை ஆணைக்குழுவின் தளத்தில் பாருங்கள். கட்டணத்தைவிட வாடகைதான் ஆளை விழுத்தும். கடைக்கான அனுமதி கேட்கும்போதே இடம் கையில் இருக்க வேண்டும், ஊராரின் ஆட்சேபங்களுக்காக 15 நாள் அறிவித்தல் ஒட்ட வேண்டும், பின் பரிசோதனை. இத்தனையும் முடியும்வரை வாடகை ஓடிக்கொண்டிருக்கும். பாடசாலையிலிருந்து 150 மீற்றருக்குள் கடை இருக்கக் கூடாது. ஒரே பிரதான வீதியும் அதன் நடுவில் பாடசாலையும் உள்ள ஊரில் இந்த ஒரு விதியே நல்ல இடங்களையெல்லாம் விழுங்கிவிடும். ஆகவே ஒப்பந்தத்தில் ஒப்பமிடும் முன் அளந்து பாருங்கள். இன்னொன்று, உரிமம் கைமாற்றத்தக்கதன்று. வேறொருவரின் உரிமத்தைப் பங்கோடு சேர்த்து வாங்கித் தருவதாக எவராவது சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள்.

புதிதாக வந்தவர் என்பதால் இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. 18 வயதுக்குக் குறைந்தவருக்குக் கஞ்சா விற்பது கூட்டாட்சிச் சட்டத்தில் 14 ஆண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். அதிகபட்சத் தண்டனை பத்து ஆண்டுகளோ அதற்கு மேலோ உள்ள குற்றத்தில் குற்றவாளியாகத் தீர்க்கப்படும் நிரந்தர வதிவாளர், வதிவுரிமையையே இழக்க நேரலாம். மாமா குடியுரிமை பெற்றுவிட்டவர் என்றால் அவருக்கு அந்த ஆபத்து இல்லை. அமெரிக்கப் பயணத்தையும் யோசியுங்கள்; அந்நாட்டின் கூட்டாட்சிச் சட்டத்தில் கஞ்சா சட்டவிரோதம். சட்டபூர்வமான கஞ்சாத் தொழிலில் உள்ளவர்கள் வேறு அலுவலாக வந்தால் பொதுவாக அனுமதிக்கப்படுவர் என்று 2018இல் அந்நாட்டு எல்லைப் பணியகம் அறிவித்தபோது, கனேடியக் குடிமக்களைப் பற்றியே பேசியது. இலங்கைக் கடவுச்சீட்டோடு அமெரிக்க விசா கேட்கப் போகும் எண்ணம் இருந்தால், பங்குப் பத்திரத்தில் பெயர் ஏறும் முன் குடிவரவுச் சட்டத்தரணி ஒருவரைப் பாருங்கள்.

மீண்டும் கேள்வி:

விரிவான பதிலுக்கு மிக்க நன்றி அண்ணா. முதலீடு செய்யாமல், முதலில் இப்படியொரு கடையில் வேலை பார்த்துத் தொழிலைப் பழகலாமா?

பதில்:

தாராளமாக. சாதாரண ஊழியருக்கு உரிமம் தேவையில்லை. கான்செல் என்ற பயிற்சியை மட்டும் வேலை தொடங்கும் முன் முடித்திருக்க வேண்டும். ஸ்காபரோவிலேயே கடைகள் இருக்கின்றன. ஒரு மாரிகாலம் முழுவதும் நின்று, சனவரியிலும் பெப்ரவரியிலும் நாளொன்றுக்கு எத்தனை பேர் வருகிறார்கள், ஒருவர் எவ்வளவுக்கு வாங்குகிறார் என்று குறித்து வையுங்கள். அந்த எண்ணிக்கையை மாமாவின் ஊர் சனத்தொகைக்கு ஏற்பக் குறைத்து, அவர் பேசி வைத்திருக்கும் வாடகைக்கு எதிரே எழுதிப் பாருங்கள். இதற்கிடையே அந்த நகராட்சியின் எழுதுவினைஞர் அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்து, அவர்கள் கடைகளை அனுமதித்திருக்கிறார்களா, இதற்கு முன் யாரேனும் கடை திறந்து மூடியிருக்கிறார்களா என்ற இரண்டையும் மாமாவிடம் கேட்காமல் நீங்களே கேட்டு அறிந்துகொள்ளுங்கள்.