ட்ரீக் கிளிஃப் குகையும் புளூ ஜான் கல்லும்: எதைப் பார்ப்பது, எப்படி வாங்குவது?

பாறைப்பித்தன் கேட்டது:

அக்டோபரில் ஒரு நாள் இங்கிலாந்தின் டெர்பிஷயரில் உள்ள காசில்டனுக்குப் போகிறோம். கூட எட்டு வயதுப் பையனும், படி ஏறினால் முழங்கால் வலிக்கும் அம்மாவும் வருகிறார்கள். ஊரைச் சுற்றி ட்ரீக் கிளிஃப், புளூ ஜான், ஸ்பீட்வெல், பீக் என்று நான்கு குகைகள் இருக்கின்றன. கனிமப் படிவுகள், பழைய சுரங்க வேலை இரண்டையும் ஒரே இடத்தில் பார்க்க எது சரி? உள்ளே போனபின் எது இயற்கைக் குகை, எது மனிதன் வெட்டியது என்று எப்படிக் கண்டுகொள்வது? கடைசியாக ஒன்று. புளூ ஜான் என்னும் ஊதாப் பட்டைக் கல் பதித்த பதக்கம் வாங்க ஆசை. விற்பவர்களே "ரெசின் (பிசின்) ஏற்றிய கல்" என்கிறார்கள். அப்படியானால் அது அசல் இல்லையா?

சுண்ணாம்புத்தடம்:

நீங்கள் சொன்ன இரண்டும் சேர்ந்து கிடைப்பது ட்ரீக் கிளிஃப்பில்தான். மற்ற மூன்றும் குறைந்தவை அல்ல, அவற்றின் சிறப்பு வேறு. பீக் குகைக்கு அழகு அதன் பிரம்மாண்டமான வாய். அந்த வாயிலிலேயே குடியிருந்து கயிறு திரித்த குடும்பங்களின் சுவடு இன்னும் இருக்கிறது. ஸ்பீட்வெல், 18ஆம் நூற்றாண்டில் ஈயம் தேடி வெட்டிய, நீர் நிறைந்த சுரங்கக் கால்வாய். அங்கே பயணம் படகில். கிளம்பும் முன் திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். புளூ ஜான் குகையில் நீர் குடைந்த பெரிய கூடங்கள் உண்டு, ஆனால் இருநூறுக்கும் மேற்பட்ட படிகள் இறங்கி, அதே படிகளில் திரும்பி ஏற வேண்டும். அம்மாவுக்கு அது வேண்டாம்.

ட்ரீக் கிளிஃப்பும் சமதளம் என்று நினைக்காதீர்கள். நுழைவாயிலுக்குப் போகும் பாதையே செங்குத்தான ஏற்றம், உள்ளேயும் படிகள் உண்டு. அம்மா நின்று நின்று ஏற நேரம் ஒதுக்குங்கள். சக்கர நாற்காலிக்கு வழியில்லை. குகைக்குள் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 10 டிகிரி செல்சியஸ்தான். அடிப்பாகம் வழுக்காத காலணி கட்டாயம். ஈரச் சுண்ணாம்புக்கல்லில் தேய்ந்த ரப்பர் நிற்காது.

ரயிலில் வந்தால் ஷெஃபீல்டு–மான்செஸ்டர் பாதையில் ஹோப் நிலையத்தில் இறங்கிப் பேருந்து பிடிக்கலாம். காரில் வந்தால் பழைய வரைபடத்தை நம்ப வேண்டாம். மாம் டார் மலைச்சரிவு நகர்ந்துகொண்டே இருந்ததால் ஏ625 சாலையின் அந்தப் பகுதியை 1979இல் மூடிவிட்டார்கள். இப்போது மேற்கிலிருந்து வரும் வழி வின்னட்ஸ் கணவாய், மிகச் செங்குத்து. இறங்கும்போது தாழ்ந்த கியரில் வாருங்கள், பிரேக்கை மட்டும் நம்பினால் சூடேறிவிடும்.

குகைக்குள் வரிசை இப்படி: முதலில் சுரங்க வேலை நடந்த பகுதி. 'சூனியக்காரி குகை' என்னும் அறையில் தலைக்கு மேலேயே புளூ ஜான் பட்டைகள் தெரியும். அதைத் தாண்டியபின் 'அலாவுதீன் குகை', 'கனவுக் குகை' என்று, கூரையிலிருந்து தொங்கும் கல்விழுதுகள் நிறைந்த பகுதி. ஒற்றைக்காலில் நிற்கும் நாரை போன்ற வடிவத்தைப் பையனைத் தேடச் சொல்லுங்கள். ஏழு குள்ளர்கள் என்று பெயர் வைத்த, தரையிலிருந்து எழும் கல்முளைகளும் உண்டு. சுவரைக் கவனித்தால் கடலல்லி, சிப்பி வகைகளின் புதைபடிவங்கள் கிடைக்கும். இந்தச் சுண்ணாம்புக்கல் சுமார் 33 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆழமற்ற வெப்பக் கடலில் படிந்தது.

உளிச்சத்தம்:

வெட்டியதா இயற்கையா என்ற கேள்விக்குச் சுவரே பதில் சொல்லும். நீர் அரித்த சுவர் வழவழப்பாக, வளைவாக இருக்கும், கூர்முனை இருக்காது. மனிதன் வெட்டிய சுவரில் மூன்று வகைத் தழும்புகளைப் பாருங்கள். சாய்வாக, ஒன்றுக்கொன்று இணையான குறுகிய கீறல்கள் கைக்கொத்தின் வேலை. வரிசையாக, சிறிய இடைவெளியில் ஆழமில்லாத துளைகள் இருந்தால் அங்கே ஆப்பு இறக்கிப் பிளந்திருக்கிறார்கள். பாதிக் குழாயைப் படுக்க வைத்ததுபோல் உருளையான நீள் பள்ளம் தெரிந்தால் அது வெடிமருந்துத் துளையின் மிச்சப் பாதி. மறுபாதி வெடித்துப் பறந்த பாறையோடு போய்விட்டது.

இந்த மூன்றும் எங்கே இருக்கின்றன என்பதில்தான் இந்தக் குகையின் வரலாறே அடங்கியிருக்கிறது. புளூ ஜான் என்பது பட்டை பட்டையாக நிறம் கொண்ட ஃப்ளூரைட், அதாவது கால்சியம் ஃப்ளூரைடு. அது நான்கு திசைகளில் சுத்தமாகப் பிளக்கும் கல். பக்கத்தில் வெடி வைத்தால் கல் முழுதாக வெளியே வந்தாலும் உள்ளே நுண்விரிசல் ஓடிவிடும், பிறகு கடையும்போது கையிலேயே உதிரும். ஆகவே அலங்காரக் கல்லுக்காகத் தோண்டியவர்கள் ஆப்பும் உளியுமாகத்தான் எடுத்தார்கள். இன்றும் கைக்கருவிகளும் வைரப்பல் வைத்த சங்கிலி ரம்பமும்தான்.

முதல் உலகப்போர்க் காலத்தில் தேவை மாறியது. உருக்கு உலையில் கசடை இளக்க ஃப்ளூரைட் வேண்டும். அதற்கு நிறமோ முழுமையோ முக்கியமில்லை, டன் கணக்குதான் முக்கியம். அதனால் வெடித்தே எடுத்தார்கள். அப்படி வெடித்துக்கொண்டே போனவர்கள்தான் 1926இல் யாரும் அறியாத கல்விழுதுக் கூடங்களுக்குள் துளை போட்டுவிட்டார்கள். குகை பொதுமக்களுக்குத் திறந்தது 1935இல். வெடித்துளைப் பள்ளங்கள் தீர்ந்து வழவழப்பான சுவர் தொடங்கும் இடத்தில் ஒரு நிமிடம் நில்லுங்கள். அங்கேதான் இந்த இடத்தின் இரண்டு பாதிகளும் சந்திக்கின்றன.

இரண்டு பாதிகளுக்கும் நீர்தான் காரணம், ஆனால் ஒரே நீர் அல்ல. பல கோடி ஆண்டுகளுக்கு முன் ஆழத்திலிருந்து வந்த சூடான உப்புநீர், சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளிலும் பழைய பாறைக்குவியலின் இடுக்குகளிலும் ஃப்ளூரைட்டைப் படியவிட்டது. கூடவே பேரைட், கலீனா (ஈயத் தாது), கால்சைட் (சுண்ணாம்புக் கனிமம்) ஆகியவையும் படிந்தன. கல்விழுதுகளோ புவியியல் கணக்கில் நேற்றுப் பிறந்தவை. மழைநீர் மண்ணிலிருந்து கார்பன் டை ஆக்சைடை வாங்கி, சுண்ணாம்பைக் கரைத்து, குகைக் காற்றில் அந்த வாயுவை இழக்கும்போது கால்சைட்டை விட்டுச் செல்கிறது. கூரையில் வைக்கோல்போல் உள்ளீடற்றுத் தொங்கும் மெல்லிய குழல்களைப் பாருங்கள். ஏறத்தாழ எல்லாமே ஐந்து மில்லிமீட்டர் தடிமன்தான் இருக்கும், ஏனென்றால் ஒரு நீர்த்துளி அதற்குமேல் அகலமாகத் தொங்காது. நடுத்துளை அடைபட்டு நீர் வெளிப்புறமாக வழியத் தொடங்கினால்தான் அது பருத்துக் கூம்பாகிறது.

பையன் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். விரல் எண்ணெய் ஒட்டிய இடத்தில் நீர் பரவாது, புதுப் படிவு பிடிக்காது. முதலில் கறை, பிறகு அந்தப் பக்கம் வளர்ச்சியே நின்றுபோகும்.

பாறைப்பித்தன்:

அருமையான விளக்கம், நன்றி. "புளூ ஜான்" என்ற பெயர் நீலம்–மஞ்சள் என்ற பொருள்தரும் பிரெஞ்சுச் சொற்களிலிருந்து வந்தது என்கிறார்களே, சரியா? ரெசின் விஷயத்தையும் யாராவது சொன்னால் நல்லது.

சுண்ணாம்புத்தடம்:

அந்தப் பிரெஞ்சுக் கதையை எல்லாரும் சொல்கிறார்கள், ஆதாரம் பலவீனம். இந்த வட்டாரச் சுரங்கத் தொழிலாளர்கள் துத்தநாகத் தாதுவைக் 'கறுப்பு ஜாக்' என்று அழைத்தார்கள். அதே வாய்வழக்கில் இது நீல ஜானாகியிருக்கும் என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

சாணைக்கல்:

ரெசின் ஏற்றுவது மோசடி அல்ல நண்பரே, அது இல்லாமல் இந்தக் கல்லில் வேலையே நடக்காது. 18ஆம் நூற்றாண்டிலேயே பைன் பிசினைச் சூடாக்கி ஊற்றித்தான் ஜாடிகள் கடைந்தார்கள். இன்று எப்பாக்ஸி என்னும் செயற்கைப் பிசின்.

முறை இதுதான். வெட்டி எடுத்த கல்லை மாதக்கணக்கில் நிழலில் உலர விட வேண்டும். அவசரப்பட்டால் உள்ளே மிஞ்சிய ஈரம் சூட்டில் ஆவியாகி விரிசலை விரிக்கும், ரெசினும் உள்ளே போகாது. உலர்ந்ததை மெதுவாக, சீராகச் சூடாக்கி, வெற்றிடக் கலத்தில் ரெசினில் முக்குவார்கள். இடுக்குகளில் உள்ள காற்று குமிழாக வெளியேறும். வெற்றிடத்தை விட்டதும் அந்த இடத்துக்கு ரெசின் புகும். இறுகியபின் வைர ரம்பத்தில், நீர் ஓடவிட்டு அறுப்பார்கள். அறுத்த முகத்தில் புது இடுக்கு தெரிந்தால் மறுபடி ரெசின். ஒரு கிண்ணம் முடிவதற்குள் இது பலமுறை நடக்கும்.

அறுக்கும் திசைதான் அழகைத் தீர்மானிக்கிறது. படிகங்கள் இடுக்கின் சுவரிலிருந்து உள்நோக்கி வளர்ந்தவை. வளர்ந்த திசையோடு அறுத்தால் ஊதா, வெள்ளை, மஞ்சள் கோடுகள் அடுக்கடுக்காக, கனசதுர மூலைகள் வரும் இடத்தில் ரம்பப் பல்போல் மடிந்து தெரியும். குறுக்காக அறுத்தால் அதே பட்டைகள் மூலையுள்ள வளையங்களாக, மேகம்போல் தெரியும்.

மெருகில் தவறுவது பெரும்பாலும் அழுத்தத்தால்தான். கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை குறிக்கும் மோஸ் அளவில் இது 4 மட்டுமே. 220, 400, 600, 1200 எண் உப்புத்தாள்களை நனைத்துத் தேய்க்கும் வரிசையில் ஒவ்வொரு கட்டத்தின் கீறலும் முழுதாகப் போனபின்தான் அடுத்ததற்குப் போகலாம். பொறுமை இழந்து அழுத்தினால் பிளவுத்தளத்தோடு சிறு சில்லுகள் பெயர்ந்து முக்கோணக் குழிகள் விழும். கடைசியில் ஈரமான ஃபெல்ட் துணியில், குறைந்த வேகத்தில் டின் ஆக்சைடு மெருகுப்பொடி. ரெசினும் கல்லும் ஒரே வேகத்தில் தேயாது, அதனால் வெகுநேரம் தேய்த்தாலும் ரெசின் உள்ள இடம் பள்ளமாகும்.

வாங்கும்போது 10 மடங்கு லென்ஸில் பாருங்கள். மெல்லிய பிளவுக்கோடுகள் முக்கோணமாக வெட்டிக்கொண்டால் ஃப்ளூரைட். உருண்டைக் குமிழ் கல்லின் உடலிலேயே மிதந்தால் கண்ணாடி. விரிசலுக்குள் மட்டும் இருந்தால் அது ரெசினில் மாட்டிய காற்று, பயப்பட வேண்டாம். பச்சைப் பட்டை தெரிந்தால் சந்தேகப்படுங்கள். உலோகச் சட்டம் இல்லாத துண்டானால் எடை போட்டும் பார்க்கலாம். காற்றில் 12.72 கிராம், நூலில் கட்டி நீருக்குள் தொங்கவிட்டால் 8.72 கிராம் என்றால் வித்தியாசம் 4. 12.72ஐ 4ஆல் வகுத்தால் அடர்த்தி 3.18, ஃப்ளூரைட்டுக்கு உரியது. ரெசின் நிறைய இருந்தால் சற்றுக் குறையும். சாதாரணக் கண்ணாடி 2.5 அளவில் நிற்கும்.

ஆனால் இந்தச் சோதனை கண்ணாடியைத்தான் பிரிக்கும். சீனாவிலிருந்து வரும் பட்டை ஃப்ளூரைட்டும் அதே 3.18தான். எங்கே தோண்டியது என்பதைத் தராசு சொல்லாது. ஆகவே காசில்டனிலேயே, கல் எந்தக் குகையின் எந்த நரம்பிலிருந்து (பாறை வெடிப்பில் படிந்த கனிமப் பட்டையிலிருந்து) வந்தது என்று ரசீதில் எழுதித் தரும் கடையில் வாங்குங்கள். மில்லர்ஸ், பன்னிரண்டாம் நரம்பு, புல் பீஃப் என்று ஒவ்வொரு நரம்புக்கும் பெயரும் முகச்சாயலும் உண்டு, விவரம் தெரிந்தவர் தயங்காமல் சொல்வார். மெல்லிய சீவலை வேறு பொருள்மேல் ஒட்டிய பதக்கமும் விற்பனையில் உண்டு. அதைச் சொல்லி விற்றால் தவறில்லை, முழுக்கல் விலை கேட்டால்தான் தவறு. பக்கவாட்டில் ஒட்டுக்கோடு தெரிகிறதா என்று பாருங்கள்.

பிறகு பராமரிப்பு. மென்மையான ஈரத்துணி போதும். அல்ட்ராசானிக் தொட்டி, நீராவி, கொதிநீர், அசிட்டோன் எதுவும் ஆகாது. வளையம் கழன்றால் பொற்கொல்லரிடம் கல்லைக் கழற்றிவிட்டுத்தான் பற்ற வைக்கச் சொல்ல வேண்டும். சூடு பட்டால் ஊதா வெளிறும், ரெசின் மஞ்சளாகும், பிளவும் விழும். மோதிரத்தைவிடப் பதக்கம் நல்ல தேர்வு, மேசையில் இடிபடாது.

ஒளித்துளி:

படம் எடுப்பவர்களுக்குச் சிறு குறிப்பு. அக்டோபர்க் குளிரில் வெளியே சில்லிட்ட லென்ஸைக் குகைக்குள் எடுத்தவுடன் பனி படரும், உள்ளே ஈரப்பதம் ஏறக்குறைய நூறு சதவீதம். கேமராவைக் கோட்டுக்குள் உடல்சூட்டில் வைத்துக்கொண்டு போங்கள். நேர் ஃபிளாஷ் கல்விழுதைத் தட்டையாக்கி, ஈரத்தில் வெள்ளைப் புள்ளி போடும். அதை அணைத்துவிட்டு, ஃபோனைக் கைப்பிடிக் கம்பியில் அழுத்திப் பிடித்து, வெளிச்சத்தை ஒரு படி குறைத்து எடுங்கள். புளூ ஜான் பட்டைக்கு முன்னொளி உதவாது. ஊதா கிட்டத்தட்ட கறுப்பாகவே விழும். விளக்கு பக்கவாட்டிலோ பின்னாலோ வரும்படி நில்லுங்கள்.

விளக்கைச் சுற்றிச் சுவரில் பச்சை தென்பட்டால் அது தாதுவல்ல, ஒளியில் வளரும் பாசி. நீண்ட நேரம் விளக்கு எரிந்தால் காட்சிக் குகைகள் எல்லாவற்றிலும் வரும் தொல்லை. புகைப்படத்துக்காக உங்கள் டார்ச்சை ஒரே இடத்தில் வெகுநேரம் பிடிக்க வேண்டாம்.

உளிச்சத்தம்:

இன்னொன்று விட்டுப்போயிற்று. மலைச்சரிவில் ஊதா நிறத் துணுக்குகள் கிடப்பதைப் பார்த்துப் பையன் பொறுக்க ஆசைப்படுவான், விடாதீர்கள். அது சட்டப் பாதுகாப்பு பெற்ற புவியியல் தலம். உரிமம் பெற்றவர்களே ஆண்டுக்குச் சுமார் அரை டன்தான் எடுக்கிறார்கள். அவனுக்காகக் கடையில் மெருகேற்றாத சிறு துண்டு ஒன்று கேளுங்கள். பதக்கத்தில் தெரியாத பிளவுத்தளம் அதில் பளிச்சென்று தெரியும், சாய்த்துப் பிடித்தால் கண்ணாடிச் சில்லுபோல் மின்னும்.