பேச்சியம்மாள் அப்பத்தா வீடு: ரோட்டுக்கு அங்கிட்டுப் பள்ளிக்கூடம்

(மதுரை நத்தம் ரோட்டுப் பக்கம் இருக்கிற ஒரு குடும்பத்தின் குரூப்பில் பேசியது)

சனிக்கிழமை

கவிதா (மாலை 6:12): எல்லாருக்கும் வணக்கம். பள்ளிக்கூடத்தில் இருந்து இப்பத்தான் தகவல் வந்தது. ஒரு கிலோமீட்டருக்குள் வீடு இருக்கிற பிள்ளைகளுக்கு இந்த வருசம் பஸ் கிடையாதாம். யாழினி பேரும் இல்லை, கவின் பேரும் இல்லை. திங்கட்கிழமை பள்ளி திறக்கிறது.

ராஜா: எனக்கும் வந்தது மதினி

ராஜா: ஆபீசுக்குப் போன் போட்டேன். பணம் கட்டுகிறேன் என்றாலும் ஏற்ற மாட்டார்களாம். தூரத்தில் இருந்து வருகிறவர்களுக்குத்தான் முதலில் சீட்டாம்

செல்வி: எட்டிப் பார்த்தால் தெரிகிற பள்ளிக்கூடம்தானே. நானும் தம்பியும் நடந்துதானே போனோம்

கவிதா: அத்தாச்சி, நீங்கள் போனபோது நத்தம் ரோட்டில் பாலம் கிடையாது. இரண்டு பக்கமும் புளியமரம்தான் இருந்ததாம், மாமா சொல்வார்.

செல்வி: அதுவும் சரிதான்

செல்வி: தம்பி, காதுகுத்துக் கிடாவுக்குச் சொல்லியாச்சா? ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் எட்டு நாள்தான் இருக்கு

ராஜா: சொல்லியாச்சு அக்கா. பஸ் விசயத்தை முதலில் பார்ப்போம்

முத்துப்பாண்டி பெரியப்பா (6:31): கவிதா சொல்வதுதான் சரி. இது தூரத்தை வைத்து முடிவு செய்கிற விசயமே இல்லை. நம் தெரு முக்கில் இருந்து பள்ளி வாசல் முக்கால் கிலோமீட்டர்கூட வராது. ஆனால் நடுவில் கிடப்பது நத்தம் ரோடு. 2023 ஏப்ரலில் 7.3 கிலோமீட்டர் பாலத்தைத் திறந்தார்கள். வண்டியெல்லாம் மேலே போய்விடும், கீழே பிள்ளை குட்டிகள் நிம்மதியாக நடக்கலாம் என்று நானும்தான் சந்தோசப்பட்டேன். கீழே ரோடு காலியாகத் தெரிந்ததும் இருக்கிற வண்டிகள் வேகம் பிடித்தன. அதைவிடப் பெரிய ஆபத்து அந்தத் தூண். பிள்ளை பாதி ரோட்டைத் தாண்டித் தூணுக்குப் பின்னால் நிற்கிறது. டூவீலரில் வருகிறவனுக்குப் பிள்ளை தெரியாது, பிள்ளைக்கு அவனும் தெரியாது. பெரிய ஆள் என்றால் தலையை நீட்டிப் பார்ப்பான். யூகேஜி பிள்ளை நேராக எட்டு வைக்கும். வருகிற வண்டி என்ன வேகத்தில் வருகிறது என்று கணிக்கிற வயசா அது?

மகேஸ்வரி: அப்படியே உண்மை மாமா

ராஜா: பெரியப்பா ரொம்ப நேரமாக டைப் பண்ணும்போதே நினைத்தேன் 🙏

செல்வி: பெரியப்பா, நீங்கள்தானே போன வருசம் கூட்டிக்கொண்டு போனீர்கள்?

கவிதா: மாமாவுக்கு முழங்கால் ஆபரேசன் ஆகி மூன்று மாசம்கூட ஆகவில்லை அத்தாச்சி. வாக்கரை வைத்துக்கொண்டு எப்படிப் பிள்ளையைக் கையில் பிடிப்பார்? என் வீட்டுக்காரர் திருப்பூரில் இருக்கிறார். நான் கைக்குழந்தையை வைத்திருக்கிறேன்.

செல்வி: சரி சரி, தெரியாமல் கேட்டேன்

திவ்யா: மதினி, அந்த ஒரு கிலோமீட்டர் கணக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டீர்களா?

கவிதா: சட்டத்திலேயே அப்படித்தான் இருக்கிறது என்றார்கள் திவ்யா.

திவ்யா: கல்வி உரிமைச் சட்டத்துக்கான விதிகளில் ஒன்றாம் வகுப்பில் இருந்து ஐந்தாம் வகுப்பு வரைக்கும் ஒரு கிலோமீட்டருக்குள் பள்ளி இருக்க வேண்டும் என்று வரும். அது அரசாங்கம் பள்ளிக்கூடத்தை எவ்வளவு பக்கத்தில் வைக்க வேண்டும் என்பதற்கு. பக்கத்துப் பிள்ளைகளைப் பஸ்ஸில் ஏற்றாதே என்று அதில் இல்லை.

திவ்யா: இன்னொன்று. அந்தச் சட்டத்துக்கு மத்திய அரசு போட்ட 2010 விதிகளில், வீட்டில் இருந்து பள்ளிக்குப் போகிற வழியில் சின்னப் பிள்ளைகளுக்கு ஆபத்து இருந்தால் அந்தத் தூரத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்றே இருக்கிறது. தனியார் பள்ளியை இதை வைத்துக் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் தூரம் மட்டும் பார்த்தால் போதாது என்று விதி எழுதினவர்களே நினைத்திருக்கிறார்கள் என்று கடிதத்தில் சொல்லலாம்.

முத்துப்பாண்டி பெரியப்பா: நல்லா படிம்மா. இதைத்தான் நான் வேறு மாதிரி சொன்னேன்.

செல்லத்துரை சித்தப்பா: 👍

ராஜா: சித்தப்பா ஆன்லைன்ல இருக்கார் 😀

செல்வி: சித்தப்பா, காதுகுத்துக்கு நீங்களும் சித்தியும் வேனில் வருகிறீர்களா, காரில் வருகிறீர்களா? பாண்டி கோவிலில் ஏழு மணிக்குள் இருக்க வேண்டும்

செல்லத்துரை சித்தப்பா: பார்ப்போம்

கவிதா: பஸ்ஸை மறந்துவிட வேண்டாம். அந்தப் பஸ் நம் தெரு முக்கு வழியாகத்தான் போகிறது. பாதி சீட் காலியாகப் போவதைக் காலையில் பல் விளக்கும்போது நானே பார்த்திருக்கிறேன். நம் பக்கத்திலேயே போகிற பஸ்ஸை விட்டுவிட்டு பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு ரோட்டைத் தாண்டச் சொன்னால் மனசு கேட்கவில்லை.

முத்துப்பாண்டி பெரியப்பா (7:05): காலையில் சிக்கலே இல்லை. பஸ் ஊமச்சிகுளம் போய்ப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு டவுனைப் பார்த்துத் திரும்பி வரும்போது நம் பக்கமாகத்தான் வரும். கதவும் இடது பக்கம், அதாவது நம் பக்கம். பிள்ளை ரோட்டில் காலே வைக்காமல் ஏறிவிடலாம். அய்யர் பங்களாவில் திரும்பிப் பள்ளிக்குள் போய்விடும்.
சாயங்காலம்தான் வில்லங்கம். பள்ளியில் இருந்து கிளம்பி ஊமச்சிகுளம் போகும்போது எதிர்ப் பக்கமாகப் போகும். அங்கே இறக்கிவிட்டால் பிள்ளை ரோட்டைத் தாண்டியாக வேண்டும். நடந்து வந்தால் என்ன ஆபத்தோ அதே ஆபத்துதான். அதனால் பஸ் கேட்கும்போது வெறுமனே பஸ் வேண்டும் என்று கேட்கக் கூடாது. எந்தப் பக்கம் ஏற்றுவது, எந்தப் பக்கம் இறக்குவது என்று சேர்த்துக் கேட்க வேண்டும்.

ராஜா: இதை யோசிக்கலையே

மகேஸ்வரி: எதிர்ப் பக்கம் இறங்கினால் பஸ்ஸுக்கு முன்னாடியே ஓடும் இதுகள்

முத்துப்பாண்டி பெரியப்பா: அதைச் சொல்லத்தான் வந்தேன் மகேஸ்வரி. நான் அரசு பஸ்ஸில் வேலை பார்த்தவன். டிரைவர் சீட் எவ்வளவு உயரம் தெரியுமா? பஸ் முகப்பை ஒட்டி ஒரு பிள்ளை நின்றால் தலைமுடிகூடத் தெரியாது. இறங்கின பிள்ளையின் பென்சில் டப்பா கீழே விழும், குனிந்து எடுக்கும். டிரைவர் எல்லாரும் போய்விட்டார்கள் என்று கியரைப் போடுவார். சென்னையில் 2022 மார்ச்சில் இரண்டாம் வகுப்புப் பையன் பள்ளி வளாகத்துக்குள்ளேயே ரிவர்ஸில் வந்த வேன் மோதி இறந்தான். அதற்குப் பிறகுதான் பள்ளி வண்டிக்கு முன்னாலும் பின்னாலும் கேமராவும் பின்னால் சென்சாரும் வேண்டும் என்று விதி வந்தது. அதற்கு முன்னால் 2012-ல் தாம்பரம் பக்கம் பஸ் ஓட்டையில் விழுந்து ஒரு பெண் பிள்ளை இறந்தது, அந்த வருசம்தான் தமிழ்நாட்டில் பள்ளி பஸ்ஸுக்கென்று தனி விதிகளே போட்டார்கள். உதவியாளர் கட்டாயம் என்பதும் அதில்தான். ஒவ்வொரு விதிக்குப் பின்னாலும் ஒரு வீட்டில் பிள்ளை போயிருக்கிறது.

கவிதா: கேட்கவே கையெல்லாம் நடுங்குகிறது மாமா.

செல்வி: ஐயோ பாண்டி முனீசுவரா

ராஜா: சாயங்காலம் நம்ம பிள்ளைகளை இறக்காமல் அப்படியே ஊமச்சிகுளம் வரைக்கும் கூட்டிக்கொண்டு போய்த் திரும்பி வரும்போது நம்ம பக்கம் இறக்கச் சொன்னால்? பஸ் எப்படியும் பள்ளிக்குத் திரும்பித்தானே ஆக வேண்டும்

முத்துப்பாண்டி பெரியப்பா: அதுதான் சரியான வழி. நான் ஆமோதிக்கிறேன்.

கவிதா: அரை மணி நேரம் கூடுதலாக உட்கார வேண்டுமே. யாழினிக்கு நடுவில் ஒன்னுக்கு வந்தால்? வகுப்பிலேயே கேட்க வெட்கப்படுவாள்.

மகேஸ்வரி: கிளம்பும் முன்னாடி ஆயாவிடம் சொல்லி பாத்ரூமுக்கு அனுப்பச் சொல்லலாம் அக்கா. கவின் பக்கத்தில் இருப்பான்

கவிதா: கவின் அவளைக் கிள்ளுவான் 🙂

ராஜா: 😂 சொல்லி வைக்கிறேன்

கவிதா: இல்லையென்றால் உதவியாளர் அக்கா கையைப் பிடித்துத் தாண்டிவிடட்டும் என்று கேட்கலாமா?

முத்துப்பாண்டி பெரியப்பா: வேண்டாம். அந்தம்மா இறங்கிவிட்டால் பஸ்ஸில் இருக்கிற மற்ற பிள்ளைகளை யார் பார்ப்பது? நம் பிள்ளைக்காக அடுத்தவர் பிள்ளையை விட்டுவிட்டு வரச் சொல்லக் கூடாது.

திவ்யா: சரி. காலையில் எங்கே நிற்க வைப்பது? முக்கில் முல்லைப் பெரியாறு தண்ணீர்க் குழாய்க்குத் தோண்டிய இடம் இன்னும் சரியாக மூடவில்லை. அதை ஒட்டி டீக்கடை வண்டிகள் நிற்கும். ரோட்டில்தான் நிற்க வேண்டி வரும்.

ராஜா: அதான் பிரச்சினை

முத்துப்பாண்டி பெரியப்பா: நிற்க இடம் இருக்கிறது. இருப்பது எங்கே என்று எல்லாருக்கும் தெரியும்.

செல்வி: பெரியப்பா...

முத்துப்பாண்டி பெரியப்பா: மெயின் ரோட்டைப் பார்த்த காலி மனையில் வேப்பமரத்து நிழல் இருக்கிறது, இரும்புக் கேட்டும் இருக்கிறது. பிள்ளைகள் கேட்டுக்கு உள்ளே நின்றால் போதும். பஸ் ரோட்டை விட்டு இறங்கி கேட்டை ஒட்டி நிற்கவும் இடம் இருக்கிறது. திவ்யா, உங்கப்பாவிடம் கேட்டுச் சொல்.

திவ்யா: பெரியப்பா, அப்பாவும் இந்தக் குரூப்பில்தான் இருக்கிறார்.

(7:40 முதல் 8:25 வரை யாரும் பேசவில்லை)

செல்வி: வேனுக்கு 14 பேர் ஆகிவிட்டது. இன்னும் 4 சீட் இருக்கு

செல்லத்துரை சித்தப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

ராஜா: என்ன சித்தப்பா?

செல்லத்துரை சித்தப்பா: பங்கு பிரிக்கும்போது அந்த மனை எனக்குப் போதும் போதும் என்று சொன்னதை யாரும் மறக்கவில்லை என்று நினைக்கிறேன். பொதுப் பாதை என்று அப்புறம் யாரும் கேட்கக் கூடாது.

முத்துப்பாண்டி பெரியப்பா: ராஜா, பாதை யாரும் கேட்கவில்லை என்று சொல்லு. பிள்ளைகள் காலையில் பத்து நிமிசம் நிற்க இடம் கேட்கிறோம். சாயங்காலம் இறங்கினதும் உள்ளே வந்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

ராஜா: சித்தப்பா, பெரியப்பா சொன்னதைப் பார்த்திருப்பீங்க

மகேஸ்வரி: சின்ன மாமா, கவின் உங்க பேரன்தானே. போன மாசம்கூட அங்கே பட்டம் விட்டானே

செல்லத்துரை சித்தப்பா: பட்டம் விடுவதற்கு நான் தடை சொல்லவில்லை. பஸ்காரன் உள்ளே வந்து வண்டி திருப்பினால் பக்கத்துச் சுவரு போயிடும்

முத்துப்பாண்டி பெரியப்பா: பஸ் உள்ளே வரவே கூடாது. திருப்பவும் கூடாது, ரிவர்ஸும் எடுக்கக் கூடாது. ரிவர்ஸ்தான் பிள்ளைகளுக்கு எமன். வெளியே நின்றபடி கதவைத் திறந்து ஏற்றிவிட்டு நேராகப் போய்விட வேண்டும். இதைக் கடிதத்தில் எழுதுகிறேன்.

திவ்யா: அப்பா, நான் ஆறாவது படிக்கும்போது நீங்கதான் தினமும் என்னைக் கையைப் பிடித்து ரோட்டைத் தாண்டி விடுவீர்கள். ஒரு நாள்கூடத் தனியாக விட்டதில்லை.

செல்லத்துரை சித்தப்பா: சரிம்மா. சாவி எங்கே இருக்கிறது என்று உங்கம்மாவிடம் கேள்

கவிதா: 🙏🙏 சின்ன மாமா

செல்லத்துரை சித்தப்பா: பார்க்கலாம் என்றுதான் சொன்னேன். திறந்துவிட்டேன் என்று சொல்லவில்லை. பூட்டு துரு ஏறியிருக்கும்

ராஜா: எண்ணெய் விட்டுடலாம் சித்தப்பா

செல்வி: அப்படியே வேனில் உங்கள் பெயரையும் சேர்க்கட்டுமா சித்தப்பா?

செல்லத்துரை சித்தப்பா: அண்ணன் எதில் வருகிறார்?

முத்துப்பாண்டி பெரியப்பா: வேனில்.

ஞாயிற்றுக்கிழமை

ராஜா (காலை 10:02): கடிதம் என்ன ஆச்சு பெரியப்பா? நாளைக்கு ஒன்பது மணிக்கு நானும் மதினியும் போய்ப் பார்க்கிறோம்

முத்துப்பாண்டி பெரியப்பா: எழுதிக்கொண்டிருக்கிறேன். எதிர்த்த வீட்டு ஆயிசாம்மா பேரனும் பக்கத்துத் தெரு இரண்டு பிள்ளைகளும் இதே பட்டியலில் இருக்கிறார்கள். அவர்கள் கையெழுத்தும் வாங்கு. நாலு வீடு சேர்ந்து கேட்டால் ஒரு ஸ்டாப் என்று கணக்கில் எடுப்பார்கள், ஒரு வீடு கேட்டால் சலுகை என்பார்கள்.

திவ்யா: பஸ் ஸ்டாப் என்று மட்டும் எழுதாதீர்கள் பெரியப்பா. எந்தப் பக்கம் என்று படம் வரைந்து வைக்கிறேன், அனுப்புகிறேன்.

மகேஸ்வரி: நாளைக்கு மட்டும் என்ன செய்வது? எனக்குக் காலை டூட்டி

ராஜா: பைக்கில் நான் கொண்டுபோய் விடுகிறேன் இரண்டு பேரையும்

திவ்யா: அண்ணே, நாலு வயசுக்கு மேலே பிள்ளைகளுக்கும் ஹெல்மெட் வேண்டும். இரண்டு பேரையும் சேர்த்து உட்கார வைக்கவும் கூடாது.

ராஜா: சரி, இரண்டு தடவையாகப் போகிறேன். சின்ன ஹெல்மெட் மாட்டுத்தாவணியில் கிடைக்குமா?

மகேஸ்வரி: டவுன்ஹால் ரோட்டில் பாருங்க

கவிதா: ஆட்டோ அண்ணனிடமும் கேட்டேன். ஏற்கெனவே பிள்ளைகள் நிறைய, பைகள் எல்லாம் வெளியே தொங்குகிறது. வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

முத்துப்பாண்டி பெரியப்பா: நல்ல வேலை செய்தாய்.

முத்துப்பாண்டி பெரியப்பா: யாழினிக்கும் கவினுக்கும் இன்றைக்கே சொல்லிக்கொடுங்கள். பஸ்ஸில் இருந்து இறங்கினதும் ஓடக் கூடாது. பஸ்ஸை விட்டுப் பத்து எட்டுத் தள்ளிப் போய் நின்று திரும்பிப் பார்க்க வேண்டும். கையில் இருந்து எது கீழே விழுந்தாலும் எடுக்கப் போகக் கூடாது, பெரியவர்களைக் கூப்பிட வேண்டும். விளையாட்டு மாதிரி வாசலில் செய்து காட்டுங்கள். சொல்லிக்கொடுத்தால் ஒரு வாரத்தில் பழகிவிடும், ஆனாலும் பெரியவர் ஒருவர் கேட்டில் நின்றாக வேண்டும்.

கவிதா: கேட்டில் யார் நிற்பது என்று இன்னும் முடிவாகவில்லை மாமா. நான் நின்றால் கைக்குழந்தையும் கூட வரும்.

செல்லத்துரை சித்தப்பா: சாவி கிடைத்தது

ராஜா: 👏👏

செல்லத்துரை சித்தப்பா: பூட்டுக்குள் போகிறது, திரும்பவில்லை. மதியம் பார்க்கிறேன்

செல்வி: வேன் ஆள் கணக்கு இன்னும் வரவில்லை. கவிதா, நீ எத்தனை பேர்?

கவிதா: மூன்று அத்தாச்சி. மாமாவையும் சேர்த்து நாலு. சின்ன மாமா, பஸ்காரர் ஒத்துக்கொண்டால் காலையில் கேட்டை யார் திறப்பது?