ஹீட்டர் விசிறி மோட்டாரை வீட்டிலேயே மாற்ற இயலுமா?

கேள்வி:
உதகையில் நான் ஓட்டும் பழைய காரின் ஹீட்டர் விசிறி சில நாட்களாகக் கீச்சிட்டு, இன்று முற்றிலும் நின்றுவிட்டதால், காலையில் முன்கண்ணாடியில் படியும் மூட்டம் அகலவில்லை. மோட்டாரை நானே மாற்றலாமா?

பதில் 1:
மாற்றலாம். ஆனால் முதலில் ஃபியூஸைப் பாருங்கள். அது நன்றாக இருந்தால், விசிறியை உச்ச வேகத்தில் வைத்து, மோட்டாரின் கனெக்டரில் மல்டிமீட்டரால் அளந்து பாருங்கள். ஏறத்தாழ 12 வோல்ட் வந்தும் சுழலவில்லையெனில் மோட்டார்தான் பழுது.

பதில் 2:
உச்ச வேகத்தில் மட்டும் சுழன்றால், பெரும்பாலும் விசிறியின் வேகத்தைக் குறைத்துக் கொடுக்கும் ரெசிஸ்டரே காரணம். மோட்டாருக்கு வீணாகச் செலவழிக்காதீர்கள்.

பதில் 3:
பல கார்களில் மோட்டார் டேஷ்போர்டு பெட்டிக்குப் பின்னால் இருக்கும். பேட்டரியின் நெகட்டிவ் கம்பியைக் கழற்றிய பின், கனெக்டரை எடுத்து, சில திருகுகளை அவிழ்த்தால் அது கீழே இறங்கிவிடும். மஞ்சள் நிறக் கனெக்டர்கள் ஏர்பேக்குக்கு உரியவை. அவற்றைத் தயவுசெய்து தொடவே வேண்டாம். விசிறியின் கூண்டில் சேர்ந்துள்ள சருகுகளையும் அகற்றுங்கள்.

கேட்டவர்:
12 வோல்ட் வருகிறது; நாளை மாற்றுகிறேன். மிக்க நன்றி.