பையனோட படிவத்துல பாதி எனக்கும் பொருந்துது, எங்க போய்ப் பார்க்கிறது?

தண்டையார்பேட்டை_34:
பையனுக்கு 6 வயசு, ஆட்டிசம் உறுதியாயிடுச்சு. ஐ.எஸ்.ஏ.ஏ.ன்னு ஆட்டிசத்தை அளக்கிற படிவத்துல 40 விஷயம் கேட்டாங்க. சத்தம் தாங்காதது, கண்ணைப் பார்த்துப் பேசாதது, ஒரே ஒழுங்குல செய்யறதுன்னு பாதி எனக்கும் பொருந்துது. அதையே எனக்கு நானே போட்டுப் பார்க்கலாமா? டாக்டர்கிட்ட என்ன எடுத்துட்டுப் போகணும்? ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல தலை சூடானா என்ன பண்றது?

சல்லடை:
போடாதீங்க சிஸ்டர். எதிர்ல இருக்கறவர் நடத்தையைக் கவனிச்சு, வளர்த்தவங்களையும் கேட்டுப் போடுற மார்க் அது. இத்தனை வருஷம் சமாளிச்சுப் பழகினவங்களுக்கு வெளியே ஒண்ணும் தெரியாது, மார்க் குறைஞ்சுதான் வரும்.

பெரியவங்களுக்கு ஏ.க்யூ.ன்னு தாங்களே போட்டுப் பார்க்கிற ஆட்டிசக் கேள்வித்தாள் இருக்கு, 50 கேள்வி. 32-ம் அதுக்கு மேலயும் வந்தா டாக்டரைப் பார்க்கலாம். கூடவே ஏ.டி.ஹெச்.டி.க்கு (கவனம் நிக்காம, துறுதுறுன்னு இருக்கிற நிலை) ஏ.எஸ்.ஆர்.எஸ்.ன்னு ஒரு கேள்வித்தாள், 18 கேள்வி. முதல் 6-ல 4 பதில் நிழல் போட்ட கட்டத்துல விழுந்தா அதையும் கேளுங்க. ஏ.டி.ஹெச்.டி.யையும் ஆட்டிசத்தையும் ஒருத்தருக்கே எழுத 2013 வரைக்கும் டி.எஸ்.எம். (அமெரிக்க மனநல டாக்டர்களோட நோயறியும் கையேடு) விடலை. அதனால "ஒண்ணு இருந்தா இன்னொண்ணு இருக்காது"ன்னு யாராவது சொன்னா அது பழைய பாடம்.

ரெண்டுமே சல்லடைதான், முடிவு இல்ல. பதற்றமும் தூக்கக் குறைவும் மார்க்கை ஏத்திவிடும். ராத்திரி முழிக்கிற பிள்ளையை வச்சிருக்கிற வீட்ல தூக்கம் ஏது? டி.எஸ்.ஹெச். (தைராய்டு), ஹீமோகுளோபின் ரெண்டு ரத்த டெஸ்டும் முதல்ல பார்த்துடுங்க.

பழைய_வண்ணை:
பக்கத்துல ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவு. இல்லன்னா கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை (பேரைச் சொல்லி நம்ம ஊர்ல கிண்டல் பண்றவங்களை விடுங்க, 1794-லேர்ந்து நடக்கிற இடம்). ஓ.பி. சீட்டு போடும்போதே "பெரியவங்களுக்கான ஆட்டிசம்"னு ஆரம்பிச்சா குழப்பம்தான். டாக்டர் எதிர்ல உட்கார்ந்ததும் என்ன முடியலைன்னு சொல்லுங்க, அப்புறம் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்கிட்ட அனுப்பக் கேளுங்க.

ஒரே ஒரு தாள் போதும். "கூச்ச சுபாவம்"னு எழுதாம நடந்ததை எழுதுங்க: எந்த வயசு, எந்த இடம், என்ன செஞ்சீங்க. ஏ.டி.ஹெச்.டி.க்கு 12 வயசுக்கு முன்னாடியே இருந்ததான்னு பார்ப்பாங்க. ஆட்டிசத்துக்கும் சின்ன வயசு விவரம் இல்லாம நகராது. வளர்த்தவங்களைக் கூட்டிட்டுப் போங்க. "நல்ல புள்ள, ஒரு தொந்தரவும் இல்ல"ன்னுதான் சொல்வாங்க, அங்கேயே பாதிப் பேருக்குக் கதவு மூடிடுது. வீட்லயே முன்கூட்டி வேற மாதிரி கேட்டு வைங்க: எதைச் சாப்பிட மாட்டேன், எந்தத் துணியைக் கழட்டி எறிவேன், கல்யாண வீட்ல எங்க போய் ஒளிஞ்சுப்பேன்?

யு.டி.ஐ.டி. (மாற்றுத்திறனாளி அடையாள) அட்டை ஞாபகத்துல இருந்தா: 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தோட 21 வகையில ஆட்டிசம் உண்டு, ஏ.டி.ஹெச்.டி.ன்னு தனியா இல்ல. சலுகை பெரும்பாலும் 40 சதவீத பாதிப்புலேர்ந்துதான். உங்க ரிசல்ட் பையனோட அட்டையை ஒண்ணும் பண்ணாது.

காதுக்கு_ரெஸ்ட்:
தலை சூடாகிறதுக்கு ரிசல்ட் வர்ற வரைக்கும் காத்திருக்காதீங்க. சாயங்காலம்தான் மோசம்: குக்கர் விசில், டிவி, மெயின் ரோட்ல கன்டெய்னர் லாரி, ஆடி மாசமானா தெருமுனை ஒலிபெருக்கி. லாரியை நிறுத்த முடியாது, விசிலை நிறுத்தலாம். சோத்தை வடிச்சுடுங்க, பருப்பைப் பையன் தெரபில இருக்கும்போதே வேகவைங்க.

நுரை இயர்பிளக்கை மெல்லிசா உருட்டி, காதை மேல பின்னால இழுத்து உள்ள விட்டு, 30 விநாடி விரலால பிடிங்க. பிடிக்கலைன்னா வெளியே நழுவும், அப்புறம் "வேலைக்காகலை"ன்னு தூக்கிப் போட்டுடுவீங்க. ஆனா நாள் பூரா போட்டா காது இன்னும் கூசும். தனியா பிள்ளையோட இருக்கும்போது ஒரு காதுல மட்டும்.

பையன் கத்தும்போது நீங்களும் கொதிச்சா, பேச்சைக் குறைங்க. லைட்டை அணைச்சு, கூர்மையானதை நகர்த்தி, அவன் கண்ணுக்குத் தெரியற தூரத்துல தரையில உட்காருங்க. வீட்ல இன்னொருத்தர் இருந்தா ஒரு கைச்சைகை முன்னாடியே பேசி வைங்க. அந்த நேரத்துல விளக்கிச் சொல்ல வாய் வராது. காட்டினா 15 நிமிஷம் அவங்க பொறுப்பு, கேள்வி கேட்கக் கூடாது.

தண்டையார்பேட்டை_34:
வளர்த்த பாட்டி இப்ப இல்ல. ரேங்க் கார்டு மட்டும் இருக்கு, ஆகுமா?

பழைய_வண்ணை:
ஆகும்க்கா. மார்க் பக்கத்தை விட்டுட்டு டீச்சர் எழுதின குறிப்பைப் பாருங்க. "யாரோடும் பேசுவதில்லை", "கவனம் தேவை" மாதிரி வரி இருந்தா அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து, எந்த வகுப்புன்னு மேல எழுதிக் கொண்டு போங்க.