மாரியில் காயாத ஐசிங், கச்சான் காற்றில் வழிந்த பட்டர்

பாலையூற்றிலிருந்து

நத்தாருக்கு இரண்டு நாள் இருக்க அறுபது பிஸ்கட் சுட்டு அடுக்கிவிட்டு ஐசிங் அடிக்கத் தொடங்கினேன். வெளியே மழை விட்டபாடில்லை. ஒரு முட்டையின் வெள்ளைக்கரு, அரித்த ஐசிங் சீனி 200 கிராம், தேசிக்காய்ப் புளி அரைத் தேக்கரண்டி. வருசக்கணக்காகக் கைக்குப் பழகிய அளவு இது. மற்றக் காலங்களில் பின்னேரம் போட்டால் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு தட்டிப் பார்க்க ‘டக்’ என்று சத்தம் வரும்.

அன்று விடிந்து பார்த்தபோதும் விரலில் ஒட்டியது. நட்சத்திரங்களில் போட்ட சிவப்புக் கோடு வெள்ளைக்குள் ஊறிப் பரவியிருந்தது. பதறிப்போய் தட்டோடு பிரிட்ஜுக்குள் வைத்தேன். அதுதான் பெரிய பிழை. வெளியே எடுத்த கொஞ்ச நேரத்தில் எல்லாம் வியர்த்து, சீனித் தண்ணீராக வழிந்தது. சின்னவள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஐசிங் காய்கிறது என்றால் அதிலுள்ள தண்ணீர் காற்றுக்குப் போகிறது என்றுதான் அர்த்தம். மார்கழியில் எங்கள் திருகோணமலைப் பக்கக் காற்றே நனைந்துதான் இருக்கிறது, அது எப்படித் தண்ணீரை வாங்கும்? போதாததற்குச் சீனி ஈரத்தை இழுக்கும் சாமான். மிஞ்சிய நாற்பது பிஸ்கட்டையும் இப்படித்தான் காப்பாற்றினேன்: கேக் சுட்டு இறக்கியபின் அவணை அணைத்து, கதவைத் திறந்துவிட்டு, உள்ளே கை வைத்தால் இளஞ்சூடு மட்டும் தெரிகிற நேரத்தில் தட்டுகளை வைத்தேன். அரை மணித்தியாலத்தில் மேல்தோல் பிடித்தது. பிறகு அறைக் கதவைச் சாத்தி, மின்விசிறிக்குக் கீழே விட்டேன். வெள்ளை நன்றாகக் காயும்வரை அதன்மேல் சிவப்பைத் தொடவே இல்லை.

இப்போதெல்லாம் ஐசிங் அடிக்க முதல் வானத்தைத்தான் பார்க்கிறேன். மழை நாளில் சீனியை ஒரு பிடி கூட்டிக் கெட்டியாக அடிக்கிறேன். உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள்.

கிண்ணியாவிலிருந்து

அக்கா, உங்களுக்கு மாரி, எனக்குக் கச்சான், அந்தச் சூடான வரண்ட காற்று. ஆவணியில் நானாவின் மகளுக்குப் பிறந்தநாள். பட்டர் 250 கிராம், ஐசிங் சீனி 500 கிராம், வெனிலா, பால் இரண்டு மேசைக்கரண்டி. கேக்கில் பூப்பூவாக வைத்து உம்மாவிடம் காட்டினேன், அவ்வளவு வடிவாக இருந்தது. நண்பகலில் ஓட்டோவில் வைத்து திருகோணமலை டவுனுக்குக் கொண்டுபோனோம். பாலம் தாண்டும்போதே பூக்கள் ஒரு பக்கமாகச் சாயத் தொடங்கிவிட்டன. வீட்டில் இறக்கியபோது இதழ் ஒன்றுகூட இல்லை.

பட்டர் 32, 33 பாகையிலேயே இளகிவிடும். கச்சான் வீசுகிற நாளில் நம் வெயில் அதைத் தாண்டி நிற்கிறது. இப்போது பட்டர் பாதி, மார்ஜரின் பாதி போடுகிறேன். ருசி கொஞ்சம் குறையும், அது உண்மைதான், ஒரு சிட்டிகை உப்புப் போட்டால் சமாளிக்கலாம். பாலைக் கண்ணை மூடிக்கொண்டு ஊற்றாமல் தேக்கரண்டி தேக்கரண்டியாக விடுகிறேன். பூ வைப்பதெல்லாம் இரவு இஷாத் தொழுகைக்குப் பிறகுதான். கொண்டுபோவதென்றால் விடியற்காலையில்.

உவர்மலையிலிருந்து

வேலியில் படர்ந்த நீலச் சங்குப்பூவைச் சுடுதண்ணீரில் ஊறவைத்து, அந்தச் சாயத்தில் மகனுக்குக் ‘கடல் கேக்’ செய்ய நினைத்தேன். சாயம் நல்ல நீலம். ஐசிங்கில் தேசிக்காய்ப் புளி விட்டிருந்தேன், கலந்த உடனே எல்லாம் ஊதாவாக மாறிவிட்டது. புளிப்புப் பட்டால் அந்தப் பூவின் நிறம் அப்படித்தான் மாறும் என்று பிறகுதான் தெரிந்தது. அடுத்த முறை முட்டையும் இல்லை, புளியும் இல்லை: ஐசிங் சீனி ஒரு கப், பால் ஒரு மேசைக்கரண்டி, சாயம் ஒரு தேக்கரண்டி, அவ்வளவுதான். நீலம் நீலமாகவே நின்றது. முதல்முறை செய்பவர்கள் இந்தப் பால் ஐசிங்கில் தொடங்குவதே நல்லது என்பது என் எண்ணம். கரண்டியால் தூக்கி விட்டால் விழுகிற கோடு பத்து எண்ணி முடிக்கிற நேரத்தில் மறைய வேண்டும். அதற்கு முன்பே மறைந்தால் பிஸ்கட்டின் ஓரத்தால் வழியும், சீனி போடுங்கள். மறையாமல் நின்றால் ஒரு சொட்டுப் பால்.

பாலையூற்று அக்காவிடம் ஒன்று கேட்கவேண்டும். பச்சை வெள்ளைக்கருவைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா? எனக்கு அது பயம்.

பாலையூற்றிலிருந்து

பயம் நியாயம்தான் தங்கச்சி. நானும் சின்னவளுக்காக மாற்றிக்கொண்டேன். வெள்ளைக்கருவோடு சீனியில் பாதியைக் கலந்து, கொதிக்கிற தண்ணீருக்கு மேலே கிண்ணத்தை வைத்து, கை விடாமல் கிளறுவேன். வெப்பமானியில் 71 பாகை காட்டியதும் இறக்கி, மீதிச் சீனியைப் போட்டு அடிப்பேன். கிளறுவதை நிறுத்தினால் முட்டை வெந்து திரியும், கவனம். கிண்ணத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் வெள்ளைக்கரு நுரைக்கவே நுரைக்காது, முதலில் வெட்டிய தேசிக்காயால் துடைத்துவிடுங்கள். கர்ப்பிணிகளுக்கு என்றால் நீங்கள் சொன்ன பால் ஐசிங்தான் கொடுப்பேன்.

நிலாவெளியிலிருந்து

ஐசிங் சீனி கடையில் இல்லாத நாளில் நான் வெள்ளைச் சீனியை மிக்ஸியில் அரைத்துத்தான் செய்வது. ஒரு கப் சீனிக்கு ஒரு மேசைக்கரண்டி சோளமா. தூள் அடங்கும்வரை மூடியைத் திறக்கக் கூடாது. பிறகு மெல்லிய துணியில் இரண்டு தரம் அரிப்பேன். முதன்முறை செய்தபோது அரிக்காமல் விட்டதால் கட்டி ஒன்று ஐசிங் பிழிகிற பையின் நுனியில் அடைத்து, தங்கச்சியின் பெயர் எழுதும்போது பை வெடித்துவிட்டது. பையின் நுனியில் பூட்டுகிற நொசில் வாங்கவில்லை, தடித்த பொலித்தீன் பையின் மூலையை ஊசிக்கண் அளவு வெட்டினாலே எழுத்து வரும். கச்சான் நாளில் கிண்ணத்தை ஈரத்துணியால் மூடி வையுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் எழுதி முடிக்குமுன் மீதி ஐசிங் ஆடை பிடித்துவிடும்.

கிண்ணியாவிலிருந்து

பொலித்தீன் பை நல்ல யோசனை தம்பி. ஹஜ் பெருநாளைக்குப் பிறை பிஸ்கட் செய்ய இருக்கிறேன், பெயரெல்லாம் அதில்தான் எழுதுவேன்.