பதில்: ‘பிகாஸ்’, ‘ஆல்தோ’, ‘அன்லெஸ்’ வகைக்குத் தமிழ்ப் பெயர் – சார்பிடைச்சொல்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

‘பிகாஸ்’, ‘ஆல்தோ’ போன்ற இங்கிலீஷ் சொற்களை ‘சபார்டினேட்டிங் கஞ்சங்ஷன்’ என்கிறோமே, அதற்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற இழை மூன்று நாளாக ஓடுகிறது. வகுப்பு முடிந்து வீடு சேரவே இரவாகிவிடுவதால் பிந்தி எழுதுகிறேன்.

> “கீழ்ப்படுத்தும் இணைப்புச்சொல்” என்றே வைத்துக்கொள்ளலாமே. சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது.

பொருந்துகிறது ஐயா, வகுப்பில்தான் எடுபடவில்லை. செல்லூரில் சாயங்காலம் பத்துப் பதினைந்து பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் இலக்கணம் நடத்துகிறேன். போன வாரம் இதைப் பலகையில் எழுதினேன். “யாரு சார் யாருக்குக் கீழ்ப்படியணும்?” என்றான் ஒருவன். அன்றைய பாடம் அதோடு முடிந்தது.

‘பிகாஸ்’ போன்ற சொல் என்ன வேலை செய்கிறது என்று முதலில் பார்ப்போம். ‘இட் ரெயின்ட்’ முழு வாக்கியம். முன்னால் ‘பிகாஸ்’ வந்து உட்கார்ந்ததும் அது தொங்க ஆரம்பிக்கிறது, கேட்பவர் “சரி, அதனால?” என்று காத்திருக்கிறார். ‘வி ஸ்டேட் ஹோம்’ என்று இன்னொன்று வந்து சேர்ந்தால்தான் பேச்சு முடியும். தமிழில் இதே வேலையை வினையின் வால் பார்த்துக்கொள்கிறது: பெய்ததால், பெய்தாலும், பெய்தால், பெய்தபோது, பெய்யாவிட்டால்.

நம் ஊர்ப் பிள்ளைகள் சறுக்குவது இங்கேதான். வாலிலேயே தேடிப் பழகியவன் ‘இட் ரெயின்ட் பிகாஸ், வி ஸ்டேட் ஹோம்’ என்று எழுதுகிறான். நாம் வீட்டில் இருந்ததால் மழை பெய்தது என்று பொருள் கவிழ்ந்துவிடுகிறது. வீட்டுக்குள் உட்கார்ந்தே மழையை வரவழைக்க முடியுமென்றால் வைகை இப்படியா கிடக்கும்! இன்னொருவன் ‘ஆல்தோ’வில் தொடங்கி நடுவில் ‘பட்’டையும் செருகுவான். டிராக்டருக்குப் பின்னால் டிரெய்லரை மாட்ட ஒரு கொக்கி போதும், அதுவும் டிரெய்லரின் மூக்கில்தான் இருக்கிறது என்று சொன்ன பிறகு மேலூர்ப் பக்கத்துப் பையன்களுக்குச் சட்டென்று பிடிபட்டது.

> முற்றை எச்சமாக்குகிறது அல்லவா? “எச்சமாக்கி” எப்படி?

தேனி அக்கா, முடிந்து நிற்கும் வினை முற்று, முடியாமல் இன்னொரு சொல்லை எதிர்பார்ப்பது எச்சம் என்பதால் இந்த ஆசை எனக்கும் வந்தது. தொல்காப்பியர் ‘செய்து, செய்யூ, செய்பு’ என்று தொடங்கி வினையெச்சத்துக்கு ஒன்பது வாய்பாடு சொன்னார், நன்னூலார் பன்னிரண்டாக்கினார். அந்த வரிசையோடு இதையும் சேர்த்துவிடலாமே என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். ஒரே தடங்கல்தான்: இங்கிலீஷில் ‘பிகாஸ்’ சேர்வதால் வினை எச்சமாவதே இல்லை. ‘பிகாஸ் இட் ரெயின்ட்’ என்பதில் எழுவாய் இருக்கிறது, காலம் இருக்கிறது, ‘ரெயின்ட்’ முற்றாகவே நிற்கிறது. வினையில் ஒரு கீறல்கூட விழவில்லை. தொங்குவது மொத்தத் தொடர். நாம் எச்சம் என்று பெயர் வைத்தால் பிள்ளை ‘பிகாஸ் ரெயினிங்’ என்று எழுதிவிட்டு, “எச்சம்தானே சார்?” என்பான். அவனைத் திட்ட நமக்கு வாயிருக்காது.

பள்ளிக்கூடத்தில் முதலெழுத்து, சார்பெழுத்து என்று எல்லோரும் படித்திருக்கிறோம். தனித்து இயங்காமல் முதலெழுத்தைச் சார்ந்து வருவது சார்பெழுத்து. அதே அச்சில் வார்த்தால் முதற்றொடர், சார்புத்தொடர் என்று இரண்டு பெயர் கிடைக்கின்றன. ஒரு தொடரைச் சார்புத்தொடராக்கும் சொல் சார்பிடைச்சொல். இடைச்சொல் என்று ஏன் சொல்கிறேன் என்றால், இடைச்சொற்கள் பெயரோடும் வினையோடும் சேர்ந்தே நடக்கும், ‘தமக்கு இயல்பு இலவே’, அதாவது தனித்து நடக்கும் இயல்பு அவற்றுக்கு இல்லை என்கிறார் தொல்காப்பியர். ‘ஆல்தோ’வைத் தனியாக நிறுத்திவைத்துப் பாருங்கள், அவர் சொன்னது புரியும்.

‘அண்ட்’, ‘பட்’, ‘ஆர்’ மூன்றும் ஒரே நுகத்தில் இரண்டு மாட்டைப் பூட்டுகிற வகை. அவற்றுக்கு இணையிடைச்சொல் போதும்.

> “சார்பிணைப்பி” இன்னும் சுருக்கம்.

சுருக்கம்தான், மறுக்கவில்லை. ஆனால் மாற்றி, இணைப்பி என்றாலே எனக்கு ஒயர் கடை ஞாபகம் வருகிறது.

நெருடல் இரண்டு உண்டு. ‘ஆஃப்டர்’, ‘பிஃபோர்’, ‘அன்டில்’ எல்லாம் இரட்டை வேலை பார்ப்பவை. ‘ஆஃப்டர் லஞ்ச்’ என்னும்போது பெயருக்கு முன்னால் நிற்கிற சொல். ‘ஆஃப்டர் ஹி லெஃப்ட்’ என்னும்போதுதான் சார்பிடைச்சொல். இதற்காகப் பயப்பட வேண்டாம், நம்முடைய ‘பிறகு’வும் அப்படித்தான்: சாப்பாட்டுக்குப் பிறகு, சாப்பிட்ட பிறகு. வாக்கியத்தில் பார்க்கும் வேலைக்குத்தான் பெயர். அடுத்தது, ‘ஆஸ் சூன் ஆஸ்’ போல மூன்று சொல் கூடி ஒரே வேலையைச் செய்பவை. கூட்டுச் சார்பிடைச்சொல் என்றால் கொஞ்சம் நீளம்தான், வேறு தோன்றவில்லை.

‘தட்’ பற்றி யாரோ கேட்டிருந்தீர்கள். ‘ஹி செட் தட்…’ என்பதில் வருகிற ‘தட்’ இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான். வேடிக்கை என்னவென்றால், அதற்கு நாம் சொல்லும் ‘என்று’ ஒரு வினையெச்சம். அக்காவுக்கு ஆறுதலாக இருக்கட்டும்.

காற்புள்ளியைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. சார்புத்தொடர் முன்னால் வந்தால் அது முடிகிற இடத்தில் காற்புள்ளி, பின்னால் வந்தால் பெரும்பாலும் தேவையில்லை.

வரும் திங்கள்கிழமை இந்தப் பெயரை வைத்தே பாடம் நடத்தப் போகிறேன். மறுப்பு இருந்தால் அதற்குள் எழுதிவிடுங்கள். பிள்ளைகள் நோட்டில் ஏறிவிட்டால் அப்புறம் என்னால் மாற்ற முடியாது.